இந்த மூட்டை யாருக்கு? வோல்க்கர் விதி, முதலிலிருந்து

வங்கித் தொழிலை நாம் எல்லோரும் ஒரே மாதிரிதான் புரிந்துவைத்திருக்கிறோம். நாம் பணம் போடுகிறோம். வங்கி அதை இன்னொருவருக்குக் கடனாகக் கொடுக்கிறது. நமக்கு ஆறு சதவீதம் கொடுத்து அவரிடம் ஒன்பது வாங்கினால், நடுவில் நிற்கும் மூன்று வங்கியின் பிழைப்பு.

பெரிய அமெரிக்க வங்கிகளைப் பொறுத்தவரை இது பாதிக் கதைதான். கீழ்த்தளத்தில் டெபாசிட்டும் வீட்டுக் கடனும் நடந்துகொண்டிருக்க, மேல்மாடியில் வேறொரு கூட்டம் உட்கார்ந்திருந்தது. அவர்களுக்கு வாடிக்கையாளர் என்று யாரும் கிடையாது. பங்கு, கடன் பத்திரம், நாணயம், எண்ணெய் என்று எதில் விலை ஏறும் என்று தோன்றுகிறதோ அதை வங்கியின் பணத்தில் வாங்குவார்கள். ஏறினால் விற்பார்கள். லாபம் வந்தால் வங்கிக்கு, அவர்களுக்குக் கொழுத்த போனஸ். நட்டம் வந்தாலும் வங்கிக்குத்தான். இதற்குப் பெயர் பிராப்ரைட்டரி டிரேடிங். சந்தையில் இருப்பவர்கள் சுருக்கமாக பிராப் டிரேடிங் என்பார்கள். சொந்தக் கணக்கு வர்த்தகம் என்று நாம் வைத்துக்கொள்ளலாம். வங்கிகள் இதைச் செய்யக் கூடாது என்பதுதான் வோல்க்கர் விதி.

சரி, அவர்கள் பணம், அவர்கள் விளையாட்டு, நமக்கென்ன என்று கேட்கலாம். அந்தப் பணம் எப்படி வந்தது என்று பார்த்தால்தான் விஷயம் புரியும். அமெரிக்காவில் ஒரு வங்கியில் நீங்கள் போடும் பணத்துக்கு இரண்டரை லட்சம் டாலர் வரை அரசின் காப்பீடு உண்டு. வங்கி கவிழ்ந்தாலும் அந்தத் தொகை திரும்ப வந்துவிடும். அதனால் டெபாசிட்தாரர் யாரும் வங்கி என்ன செய்கிறது என்று தூக்கம் கெட்டுப் பார்த்துக்கொண்டிருப்பதில்லை; குறைந்த வட்டிக்கே பணத்தைக் கொடுத்துவிடுகிறார். போதாக்குறைக்கு, அவசரம் என்றால் மத்திய வங்கியான ஃபெடரல் ரிசர்வின் கதவைத் தட்டிக் கடன் வாங்கும் வசதியும் வங்கிக்கு இருக்கிறது. இப்படி மக்கள் முதுகில் ஏறி மலிவாகக் கிடைத்த பணத்தை எடுத்துச் சந்தையில் பந்தயம் கட்டினால் அதை எந்தக் கணக்கில் 'சொந்தக் கணக்கு' என்பது? ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்று நம் ஊரில் சொல்வது இதைத்தான்.

இந்தச் சந்தேகம் புதிதும் இல்லை. 1929 சந்தைச் சரிவுக்கும் அதன்பின் வரிசையாக விழுந்த வங்கிகளுக்கும் பிறகு, 1933இல் கிளாஸ்–ஸ்டீகல் சட்டம் வந்தது. டெபாசிட் வாங்கும் வங்கி ஒரு பக்கம், பங்கும் பத்திரமும் வெளியிட்டு வர்த்தகம் செய்யும் நிறுவனம் இன்னொரு பக்கம் என்று நடுவில் சுவர் எழுப்பியது அது. டெபாசிட் காப்பீடு பிறந்ததும் அதே சட்டத்தில்தான். உனக்குக் காப்பீடு தருகிறேன், பதிலுக்கு நீ சந்தைப் பக்கம் போகாதே என்பது ஏறக்குறைய அந்த ஒப்பந்தம். காலப்போக்கில் சுவரில் ஓட்டைகள் விழுந்தன. 1999இல் பில் கிளின்டன் கையெழுத்திட்ட சட்டம், இரண்டு தொழிலும் ஒரே குடும்பத்தின் கீழ் இருக்கக் கூடாது என்ற பகுதியை எடுத்துவிட்டது. காப்பீடு மட்டும் அப்படியே இருந்தது.

பிறகு 2008. லேமன் பிரதர்ஸ் என்ற பெரிய முதலீட்டு நிறுவனம் செப்டம்பர் 15 அன்று திவாலானது. அடுத்த ஆறே நாளில் கோல்ட்மன் சாக்ஸும் மார்கன் ஸ்டான்லியும், அதுவரை சுவருக்கு அந்தப் பக்கம் நின்று பந்தயம் கட்டியே பெயர் வாங்கியவை, நாங்களும் வங்கி நிறுவனங்களாகிவிடுகிறோம் என்று ஃபெடரல் ரிசர்வின் குடைக்குள் வந்து நின்றன. அக்டோபரில் அமெரிக்க நாடாளுமன்றம் 70,000 கோடி டாலர் மீட்புத் திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. மழை பெய்யும்போது குடைக்குள் வந்தவர்கள் வெயிலடித்ததும் பழைய ஆட்டத்துக்குத் திரும்பலாமா என்ற கேள்வி அப்போதுதான் சூடுபிடித்தது.

அந்தக் கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டவர் பால் வோல்க்கர். ஆறடி ஏழு அங்குல உயரம், கையில் எப்போதும் மலிவான சுருட்டு. 1979 முதல் 1987 வரை ஃபெடரல் ரிசர்வ் தலைவராக இருந்தவர். அந்நாளின் பணவீக்கத்தை அடக்க வட்டியைக் கிட்டத்தட்ட 20 சதவீதம் வரை போகவிட்டவர். கோபமடைந்த கட்டுமானக்காரர்கள் விற்காமல் கிடந்த மரச் சட்டங்களை வெட்டி அவருக்கு அஞ்சலில் அனுப்பினார்கள். அப்போதும் அவர் இறங்கிவரவில்லை. வங்கிகள் கண்டுபிடித்த புதுமைகளில் உருப்படியானது ஏடிஎம் இயந்திரம் ஒன்றுதான் என்று 2009இல் வங்கிக்காரர்கள் கூடியிருந்த அவையிலேயே சொன்னவர். 2010 ஜனவரி 21 அன்று ஒபாமா, தன் பின்னால் நிற்கும் இந்த உயரமான மனிதரின் பெயரால் ஒரு விதி கொண்டுவருகிறோம் என்று அறிவித்தார். வோல்க்கர் விதி என்ற பெயர் அன்றே ஒட்டிக்கொண்டது.

அதே ஆண்டு ஜூலை 21 அன்று கையெழுத்தான டாட்–ஃபிராங்க் நிதிச் சீர்திருத்தச் சட்டத்தின் 619ஆம் பிரிவு அதைச் சட்டமாக்கியது. சாரம் இரண்டே வரிதான். டெபாசிட் காப்பீடு உள்ள வங்கியும் அதன் குடும்ப நிறுவனங்களும் சொந்தக் கணக்கு வர்த்தகம் செய்யக் கூடாது. ஹெட்ஜ் ஃபண்ட் (பெரும் பணக்காரர்களிடம் பணம் திரட்டிச் சந்தையில் பந்தயம் கட்டும் நிதி), பிரைவேட் ஈக்விட்டி ஃபண்ட் (அப்படித் திரட்டிய பணத்தில் நிறுவனங்களையே வாங்கி விற்கும் நிதி) ஆகியவற்றில் பங்கு வைத்திருக்கவோ அவற்றை நடத்தவோ கூடாது. இரண்டுக்கும் விதிவிலக்குகள் உண்டு. தொல்லையெல்லாம் அந்த விதிவிலக்கில்தான்.

சட்டம் கொள்கையைச் சொல்லிவிட்டு, நடைமுறை விதிகளை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள் என்று ஐந்து அமைப்புகளிடம் விட்டது. ஃபெடரல் ரிசர்வ், டெபாசிட் காப்பீட்டுக் கழகம், தேசிய வங்கிகளின் கண்காணிப்பாளர், பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் ஆணையம், முன்பேர வர்த்தக ஆணையம். இந்த ஐந்து பேரும் ஒத்துப்போனால்தான் ஒரு வரி நகரும். 2011 அக்டோபரில் வரைவு வெளிவந்தது. (முன்பேர ஆணையம் மட்டும் 2012 ஜனவரியில்தான் தன் வரைவைக் கொண்டுவந்தது.) 298 பக்கம். அதில் பொதுமக்களிடம் அவர்களே 1,300க்கும் மேற்பட்ட கேள்விகளைக் கேட்டிருந்தார்கள். விதி எழுதுகிறவர்களே இத்தனை கேள்வி கேட்டால், படிக்கிறவன் என்ன செய்வான்?

கிண்டல் செய்வது எளிது. ஆனால் அவர்கள் ஏன் அப்படித் தடுமாறினார்கள் என்பதைப் பார்த்தால்தான் இந்த விதியே புரியும். அதற்கு வால் ஸ்ட்ரீட்டை விட்டுவிட்டு ஒரு மிளகாய் மண்டிக்குப் போவது நல்லது.

மண்டிக்காரர் ஒருவர் இருக்கிறார். சுற்றுவட்டாரச் சில்லறைக் கடைக்காரர்கள் வாரத்துக்கு ஏறத்தாழ 200 மூட்டை வத்தல் அவரிடம் வாங்குகிறார்கள். கேட்ட நேரத்தில் சரக்கு இல்லை என்று சொல்ல முடியாது, அடுத்த கடைக்குப் போய்விடுவார்கள். அதனால் விவசாயிகள் கொண்டுவரும்போதே வாங்கி அடுக்கிவைக்கிறார். வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் உள்ள சிறு வித்தியாசம் அவருடைய லாபம். இது சேவை. இவர் இல்லையென்றால் விவசாயியும் கடைக்காரரும் ஒருவரை ஒருவர் தேடி அலைய வேண்டியதுதான்.

ஒரு வாரம் அதே மண்டிக்காரர் 1,000 மூட்டை வாங்குகிறார். ஏன் அண்ணாச்சி இவ்வளவு என்று கேட்டால், "திருவிழா வருது, கேப்பாங்கல்ல" என்கிறார். உண்மையாக இருக்கலாம். அடுத்த மாதம் விலை இரட்டிப்பாகும் என்று காதில் விழுந்த சேதியை நம்பிப் பதுக்கியும் இருக்கலாம். மூட்டையைப் பார்த்தால் தெரியுமா? கணக்குப் புத்தகத்தில் இரண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும்: இன்ன தேதியில் இன்ன விலைக்கு வாங்கியது, இன்ன தேதியில் இன்ன விலைக்கு விற்றது. வித்தியாசம் அவர் மனதில் இருக்கிறது.

பெரிய வங்கிகள் பத்திரச் சந்தையில் செய்வது இந்த மண்டி வேலையைத்தான். ஓய்வூதிய நிதி ஒன்று ஒரு நிறுவனத்தின் கடன் பத்திரத்தை விற்க வருகிறது. அதே நாளில் அதே பத்திரத்தை வாங்க ஆள் இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லையே. வங்கி வாங்கி வைத்துக்கொள்கிறது, ஆள் வரும்போது விற்கிறது. இதற்குப் பெயர் மார்க்கெட் மேக்கிங். சட்டம் இதை அனுமதிக்கிறது, ஒரு நிபந்தனையோடு: கையிருப்பு, வாடிக்கையாளர்கள் வரும் குறுகிய காலத்தில் கேட்பார்கள் என்று நியாயமாக எதிர்பார்க்கக்கூடிய அளவைத் தாண்டக் கூடாது. நியாயமாக, குறுகிய காலத்தில், எதிர்பார்க்கக்கூடிய. இந்த மூன்று சொல்லுக்குள் எத்தனை வழக்கறிஞர்கள் வீடு கட்டியிருப்பார்கள் என்று எண்ணிப்பாருங்கள்.

மனதைப் படிக்க முடியாத கண்காணிப்பாளர் என்ன செய்வார்? மண்டிக்கு ஓர் ஆய்வாளர் வந்தால் நீங்களும் நானும் சொல்லக்கூடியதைத்தான். மூட்டை எத்தனை நாளுக்கு ஒருமுறை மாறுகிறது? விற்பதில் எவ்வளவு கடைக்காரர்களுக்குப் போகிறது, எவ்வளவு பக்கத்து மண்டிக்குப் போகிறது? லாபம் தரகு வித்தியாசத்தில் வந்ததா, விலை ஏறியதால் வந்ததா? வேலையாளுக்கு ஊக்கத்தொகை எதற்காகக் கொடுக்கிறார்? 2011 வரைவு பெரிய வர்த்தகப் பிரிவுகளிடம் இப்படி 17 வகை அளவீடுகளைக் கேட்டது. சரக்கு எத்தனை முறை கைமாறுகிறது, வாடிக்கையாளரோடு நடக்கும் வர்த்தகத்தின் விகிதம் என்ன, அன்றாட லாப நட்டம் எதிலிருந்து வந்தது என்று போகிறது பட்டியல். இறுதி விதியில் அது 7ஆகச் சுருங்கியது. சம்பளத்தைப் பற்றியும் வரைவு பேசியது: மார்க்கெட் மேக்கிங் செய்கிறவருக்குப் பந்தயத்துக்குப் பரிசு தருவதுபோல போனஸ் இருக்கக் கூடாது என்றது. என்னைக் கேட்டால் மொத்த வரைவிலும் நாடி பிடித்துப் பார்த்த இடம் இதுதான். ஒருவர் எதற்காக வேலை செய்கிறார் என்பது அவருக்கு எதற்காகப் பணம் தருகிறீர்கள் என்பதில் தெரிந்துவிடும்.

இன்னொன்று 60 நாள் விதி. வாங்கி 60 நாளுக்குள் விற்றால் அது குறுகிய கால வர்த்தகம் என்றே எடுத்துக்கொள்ளப்படும். இல்லை என்று நிரூபிப்பது வங்கியின் பாடு. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் திரும்ப வருவோம்.

ஃபண்ட் பக்கம் கொஞ்சம் எளிது. வங்கி நேரடியாகப் பந்தயம் கட்டக் கூடாது என்றால், ஒரு ஹெட்ஜ் ஃபண்டைத் தொடங்கி அதன் வழியாகக் கட்டிவிடலாமே? அந்தக் கொல்லைப்புறக் கதவை அடைப்பது முதல் நோக்கம். இரண்டாவது நோக்கத்துக்கு 2007இல் பேர் ஸ்டேர்ன்ஸ் நிறுவனத்தில் நடந்ததைச் சொன்னால் போதும். அது டெபாசிட் வங்கி இல்லை, ஆனால் பாடம் பொதுவானது. அதன் பெயரில் இயங்கிய இரண்டு ஹெட்ஜ் ஃபண்டுகள் வீட்டுக் கடன் பத்திரங்களில் மூழ்கத் தொடங்கின. சட்டப்படி ஃபண்ட் வேறு, நிறுவனம் வேறு. ஃபண்ட் போனால் போகட்டும் என்று கைகழுவியிருக்கலாம். ஆனால் பெயர் போய்விடுமே. ஜூன் மாதம் அவற்றில் ஒன்றுக்கு 320 கோடி டாலர் வரை கடன் தருவதாக அறிவித்தது, கடைசியில் 160 கோடி கொடுத்தது. ஜூலை முடிவதற்குள் இரண்டு ஃபண்டுகளும் திவால். அடுத்த மார்ச்சில் பேர் ஸ்டேர்ன்ஸே ஜேபி மார்கன் கைக்குப் போனது.

அதனால்தான் விதியில் சில வினோதமான நிபந்தனைகளைப் பார்க்கிறோம். வங்கி தன் வாடிக்கையாளர்களுக்காக ஒரு ஃபண்டைத் தொடங்கி நடத்தலாம். ஆனால் தொடக்க முதலீட்டை ஓராண்டுக்குள் அந்த ஃபண்டில் 3 சதவீதத்துக்குக் கொண்டுவந்துவிட வேண்டும். எல்லா ஃபண்டுகளிலும் சேர்த்து வங்கியின் முதன்மை மூலதனத்தில் (நட்டம் வந்தால் தாங்கும் சொந்தப் பணத்தில்) 3 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. ஃபண்ட் கவிழ்ந்தால் வங்கி கடன் கொடுத்துத் தூக்கி நிறுத்தக் கூடாது. அந்த ஃபண்டுக்கு வங்கியின் பெயரை வைக்கவும் கூடாது! சின்ன விஷயமாகத் தெரியும், ஆனால் பேர் ஸ்டேர்ன்ஸை மாட்டிவிட்டதே பெயர்தானே.

இங்கும் வலை தேவைக்கு மேல் அகலமாகிவிட்டது. ஹெட்ஜ் ஃபண்ட் என்றால் என்ன என்று சட்டம் நேரடியாகச் சொல்லவில்லை. 1940ஆம் ஆண்டின் முதலீட்டு நிறுவனச் சட்டத்திலிருந்து இரண்டு குறிப்பிட்ட விலக்குகளைக் காட்டித் தப்பிக்கும் அமைப்புகள் எல்லாம் என்று சொல்லிவிட்டது. முதலீட்டாளர் 100 பேருக்கு மேல் இல்லை என்பது ஒரு விலக்கு, எல்லோரும் பெரும் செல்வந்தர்கள் அல்லது நிறுவனங்கள் என்பது இன்னொன்று. ஹெட்ஜ் ஃபண்டுகள் இந்த விலக்குகளைத்தான் பயன்படுத்துகின்றன, சரி. ஹெட்ஜ் ஃபண்டோடு ஒட்டோ உறவோ இல்லாத எத்தனையோ அமைப்புகளும் அவற்றைத்தான் பயன்படுத்துகின்றன. 2013 டிசம்பரில் இறுதி விதி வந்த கையோடு, சிறு வங்கிகள் வைத்திருந்த ஒரு வகைக் கடன் பத்திரத் தொகுப்பும் வலையில் மாட்டியது தெரிந்து, வங்கியாளர் சங்கம் நீதிமன்றம் போனது. 2014 ஜனவரியிலேயே திருத்தம் கொடுக்க வேண்டியதாயிற்று.

வரைவுக்கு வந்த கருத்துக் கடிதங்கள் 18,000க்கும் மேல். பெரும்பாலானவை ஒரே அச்சில் வார்த்தவை. விதிவிலக்காக, பெரும் வங்கிகளை எதிர்த்துத் தெருவில் இறங்கிய வால் ஸ்ட்ரீட்டை ஆக்கிரமிப்போம் இயக்கத்திலிருந்து கிளம்பிய ஒரு குழு 325 பக்கத்துக்கு வரி வரியாக அலசி ஒரு கடிதம் அனுப்பியது. கூடாரம் போட்டுக் கோஷம் போடுகிறவர்கள் என்று நினைத்திருந்தவர்களுக்கு அது ஓர் ஆச்சரியம். வெளிநாடுகளிலிருந்தும் எதிர்ப்பு வந்தது. அமெரிக்க அரசுப் பத்திரங்களை வங்கிகள் எப்படி வேண்டுமானாலும் வாங்கி விற்கலாம் என்று விலக்கு கொடுத்த வரைவு, மற்ற நாடுகளின் அரசுப் பத்திரங்களுக்கு அதைக் கொடுக்கவில்லை. கனடாவும் ஜப்பானும் கடுப்பாகிவிட்டன. உங்கள் வங்கிகள் எங்கள் பத்திரத்தைத் தொடப் பயந்தால் எங்களுக்குக் கடன் செலவு கூடுமே என்பது அவர்கள் வாதம். அப்போது கனடா மத்திய வங்கியின் ஆளுநராக இருந்த மார்க் கார்னியும் ஆட்சேபித்தவர்களில் ஒருவர். இறுதி விதியில் ஓரளவு இளகினார்கள்.

உள்ளூரில் உரக்கக் குரல் கொடுத்தவர் ஜேபி மார்கன் தலைவர் ஜேமி டைமன். வோல்க்கருக்கு மூலதனச் சந்தை புரியவில்லை என்று 2012 பிப்ரவரியில் தொலைக்காட்சியிலேயே சொன்னார். இரண்டே மாதத்தில் அவருடைய வங்கியின் லண்டன் அலுவலகத்தில் ஒருவர் கடன் காப்பீட்டு ஒப்பந்தங்களில் (கடன் வாங்கியவர் திருப்பித் தராவிட்டால் ஈடு கொடுக்கும் ஒப்பந்தங்களில்) சந்தையே அசையும் அளவுக்கு வாங்கிக் குவித்திருப்பது செய்தியானது. சந்தை அவருக்கு லண்டன் திமிங்கலம் என்று பெயர் வைத்தது. டைமன் முதலில் அதைத் தேநீர்க் கோப்பைக்குள் அடிக்கும் புயல் என்றார். மே 10 அன்று 200 கோடி டாலர் நட்டம் என்று ஒப்புக்கொண்டார். முடிவில் அது 620 கோடி டாலரைத் தொட்டது. 2013 செப்டம்பரில் மட்டும் அபராதம் தனியாக 92 கோடி டாலர்.

நம் விஷயத்துக்கு இதில் முக்கியமானது நட்டத்தின் அளவைவிட வங்கி சொன்ன காரணம். இது பந்தயம் இல்லை, ஹெட்ஜிங் என்றார்கள். ஹெட்ஜிங் என்றால், ஏற்கெனவே எடுத்த ஆபத்துக்கு எதிராகப் போட்டுக்கொள்ளும் பாதுகாப்பு. மண்டிக்காரர் கையில் 200 மூட்டை இருக்கும்போது விலை சரிந்துவிடுமோ என்று பயந்து, இன்ன விலைக்கு அடுத்த மாதம் தருகிறேன் என்று ஒருவரிடம் முன்கூட்டியே பேசிவைப்பது ஹெட்ஜிங். விதி அதை அனுமதிக்கிறது. ஆனால் 2011 வரைவு, ஒட்டுமொத்தக் கையிருப்பின் ஆபத்துக்கு எதிராகவும் ஹெட்ஜ் செய்யலாம் என்று இடம் விட்டிருந்தது. எதற்கு எதிராக என்று குறிப்பாகச் சொல்லத் தேவையில்லை என்றால் எதையும் ஹெட்ஜிங் என்று சொல்லிவிடலாம். திமிங்கலம் வாங்கியதும் டெபாசிட்டில் கடன் கொடுத்தது போக மிஞ்சியிருந்த பணத்தை நிர்வகித்த பிரிவிலிருந்துதான். இறுதி விதி இந்த ஓட்டையை அடைத்தது. இன்ன கையிருப்பு, அதில் இன்ன ஆபத்து, இந்த ஒப்பந்தம் அதைக் குறைக்கிறது என்று காட்ட வேண்டும் என்றது. பெரிய வங்கிகளின் தலைமை அதிகாரி ஆண்டுதோறும் கையெழுத்துப் போட்டு உறுதி தர வேண்டும். திமிங்கலம் மாட்டியிருக்காவிட்டால் அந்தப் பகுதி இவ்வளவு இறுகியிருக்காது என்பது என் எண்ணம்.

இறுதி விதி 2013 டிசம்பர் 10 அன்று வந்தது, விளக்க முன்னுரையோடு சேர்த்துக் கிட்டத்தட்ட ஆயிரம் பக்கம். வங்கிகள் முழுதாக இணங்க 2015 ஜூலை வரை அவகாசம். ஆனால் பெரிய வங்கிகள் அதற்கெல்லாம் காத்திருக்கவில்லை. 2010லேயே மேல்மாடிக் கூட்டங்களைக் கலைக்கத் தொடங்கிவிட்டன. கோல்ட்மன் சாக்ஸிலிருந்து ஒரு குழு அப்படியே பிரைவேட் ஈக்விட்டி நிறுவனமான கேகேஆருக்குப் போனது. பந்தயம் நிற்கவில்லை, காப்பீடு இல்லாத வீட்டுக்கு இடம் மாறியது. வோல்க்கர் கேட்டதும் அவ்வளவுதான்.

2008 நெருக்கடிக்கும் சொந்தக் கணக்கு வர்த்தகத்துக்கும் என்ன சம்பந்தம், வங்கிகளைக் கவிழ்த்தது தரமில்லாத வீட்டுக் கடன்தானே என்று விமர்சகர்கள் கேட்டார்கள். அதில் நியாயம் இருக்கிறது. 2023 மார்ச்சில் சிலிக்கான் வேலி வங்கி விழுந்ததும் பந்தயத்தால் அல்ல. டெபாசிட் பணத்தை நீண்ட கால அரசுப் பத்திரங்களிலும் அரசு ஆதரவுள்ள வீட்டுக் கடன் பத்திரங்களிலும் போட்டுவைத்திருந்தது. வட்டி ஏறியதும் அவற்றின் மதிப்பு இறங்கியது. வோல்க்கர் விதி ஆரம்பத்திலிருந்தே விலக்கு கொடுத்திருந்த பத்திரங்கள் அவை. இந்த விதி ஒரு கதவுக்கான பூட்டு. மற்றக் கதவுகளுக்கு வேறு பூட்டு தேவை.

இனி அந்த 60 நாள் கதை. விதியை மீறியதற்கு முதல் அபராதம் 2017இல் டாய்ச்ச வங்கிக்கு வந்தது, 1.97 கோடி டாலர். அதுவும் பந்தயம் கட்டியதற்காக இல்லை, விதிக்கு இணங்கி நடப்பதற்கான ஏற்பாடுகள் சரியாக இல்லை என்பதற்காக. 2018இல் நாடாளுமன்றம், சொத்து 1,000 கோடி டாலருக்குள் இருந்து வர்த்தகமும் குறைவாக உள்ள சிறு வங்கிகளை விடுவித்தது. அவற்றைப் பிடித்துவைத்ததில் அர்த்தமே இருக்கவில்லை. 2019இல் ஐந்து அமைப்புகளும் மீண்டும் உட்கார்ந்து விதியைத் திருத்தின. 60 நாளுக்குள் விற்றால் குற்றவாளி என்று கருதும் வரி போனது. அதற்குப் பதிலாக, 60 நாளும் அதற்கு மேலும் வைத்திருந்தால் அது சொந்தக் கணக்கு வர்த்தகம் இல்லை என்று கருதும் வரி வந்தது. நிரூபிக்கும் பாரம் வங்கியின் தோளிலிருந்து கண்காணிப்பாளர் தோளுக்கு மாறியது. மண்டிக்காரர் மூட்டையை அடுக்கிவைத்துவிட்டு இரண்டு மாதம் பொறுத்திருந்தால் போதும், எதற்காக வாங்கினாய் என்று அவரைக் கேட்பது ஆய்வாளரின் தலைவலி.

அடுத்த ஆண்டு, புதிய நிறுவனங்களில் முதலீடு செய்யும் வென்ச்சர் கேபிட்டல் ஃபண்டுகளுக்கும் கடன் கொடுக்கும் ஃபண்டுகளுக்கும் கதவு திறந்தது. வோல்க்கர் அதைப் பார்க்கவில்லை. 2019 டிசம்பர் 8 அன்று, 92ஆம் வயதில், அவர் நியூயார்க்கில் இறந்தார். 2019இல் தளர்த்தப்பட்ட அந்த 60 நாள் விதி 2020 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. பெயரை மட்டும் யாரும் மாற்றவில்லை.